புஷ்பராணியின் முறை

அந்த மழையில் முதலில் வெடித்தது மருதமுத்துவின் காம்பரா. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஏழு குடும்பம் இருந்த லயத்தின் மேற்கோடி அறையில், அடுப்புக்கு மேலே, கையை நுழைக்கலாம் போல ஒரு பிளவு. இரண்டு நாளில் அது பக்கத்துக் காம்பராவுக்கும் போனது. பிறகு அதிகாரிகள் வந்தார்கள். மலையைப் பார்த்தார்கள், கான் வாய்க்காலில் வடிந்த சேற்றுத் தண்ணீரைப் பார்த்தார்கள், கதவு கதவாகச் சிவப்புக் கடதாசி ஒட்டினார்கள். அதில் சிங்களத்தில் எழுதியிருந்ததைப் புஷ்பராணிதான் வாசித்துச் சொன்னாள்.

"இனி இங்க இருக்க ஏலாதாம். மேல உள்ள மண்ணு எந்நேரமும் எறங்கலாமாம்."

"அப்ப எங்க போறதாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இதுல எழுதல."

தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கும் அந்த இறப்பர் தோட்டத்திலேயே பிறந்து, பள்ளிக்கூடத்தை விட்ட வயதிலிருந்து பால் வெட்டுக் கத்தியைப் பிடித்தவள் அவள். சிங்களத்தைக் கீழ்க் கிராமத்து வயல்களில் கற்றுக்கொண்டாள். வெட்டு இல்லாத நாட்களில் அங்கே நாற்று நடவும் அறுக்கவும் போவாள். வாயில் வந்த பாஷை பிறகு கண்ணுக்கும் வந்தது. பஸ் போர்டும் மருந்துச் சீட்டும் வாசிக்கப் பழகினாள். அதனால் லயத்தில் யாருக்கு உடம்புக்கு வருத்தம் என்றாலும், பிரதேச செயலகத்தில் ஒரு அலுவல் என்றாலும், பொலிஸில் ஒரு முறைப்பாடு என்றாலும் அவளைத்தான் கூட்டிப்போனார்கள். கரவனெல்ல ஆஸ்பத்திரியில் எந்த வார்டு எந்தப் பக்கம் என்பது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. போகிற நாளில் அவளுக்கு வேலைப் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. அதை யாரும் நினைத்ததில்லை, அவளும் சொன்னதில்லை.

புருஷன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். முதல் வருஷம் தீபாவளிக்கு வந்தான். அடுத்த வருஷம் அவனுடைய குரல் மட்டும் தொலைபேசியில் வந்தது. அதற்குப் பிறகு, வத்தளையில் அவனுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற செய்தி வந்தது. மகள் தர்ஷினி அப்போது சின்னப் பிள்ளை. இப்போது அவள் அவிசாவளையில் ஒரு கார்மண்டில் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் முழு நாளும் வீட்டில் இருப்பாள்.

தோட்டத்தில் பட்டுப்போன இறப்பர் மரங்கள் நின்ற மலைச்சரிவு ஒன்றை வெட்டிச் சமப்படுத்தி, ஏழு குடும்பங்களுக்கு ஏழு துண்டு காணி கொடுத்தார்கள். வீடு எழும்பும்வரை எல்லோருக்கும் பிள்ளை மடுவம். தோட்டத்துத் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் பழைய கட்டிடம் அது. சேலையைக் கட்டி அறை பிரித்துக்கொண்டு அதற்குள் இருந்தார்கள். அங்கேதான் ஒரு மத்தியானம் கஜீவன் வந்தான். வீட்டுத் திட்டத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தன், வவுனியாப் பக்கத்துப் பையன்.

"சீமெந்து, கம்பி, புளொக் கல்லு, கூரைத் தகடு எல்லாம் திட்டம் தரும். ஆர் கட்டுறது எண்டதை நீங்கள்தான் முடிவெடுக்க வேணும்," என்றான். "ஏழு வீட்டையும் ஒரு கொந்தராத்துக்காரரிட்டக் குடுக்கலாம். ஆக்களையும் அவரே கொண்டு வருவார், பொறுப்பும் அவருக்குத்தான். இல்லாட்டி ஒவ்வொரு குடும்பமும் தங்கட மேசன் பாஸைப் பிடிச்சுத் தங்கட வீட்டைத் தாங்களே கட்டலாம். அதுவும் இல்லாட்டி எல்லாருமாச் சேந்து ஒரு குழு. ஒரு பாஸ், ஒரே வேலையாக்கள், ஒண்டுக்குப் பிறகு ஒண்டா ஏழு வீடு. எதை எடுத்தாலும் அதில ஒரு கரைச்சல் இருக்கும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

மருதமுத்து யோசிக்கவில்லை, அவர் முன்னமே யோசித்துவிட்டார். பால் நிறுக்கும் ஸ்டோரில் வேலை செய்கிறவர், கணக்காகப் பேசுகிற மனுசன். "கொந்தராத்துக்கே குடுத்துருவோம். நாளைக்குச் சொவரு வெடிச்சாலும் கூர ஒழுகுனாலும் ஒருத்தன் சட்டையப் புடிச்சுக் கேக்கலாம். எல்லாரும் சேந்து கட்டுனா யாரு சட்டையப் புடிக்கிறது?"

"மேல் டிவிசன்ல பாத்தோமே அண்ணே," என்றார் ஒருவர். "அத்திவாரத்தப் போட்டுட்டுப் போனவன், போனவன்தான். அதுக்குள்ள இப்ப ஆடு கட்டியிருக்காங்க."

வளர்ந்த ஆண் பிள்ளைகள் இருந்தவர்கள் அவரவர் வீட்டை அவரவர் கட்டுவதே நல்லது என்றார்கள். பேச்சு அந்தப் பக்கம் சாய்வதைப் புஷ்பராணி கண்டாள். அப்படி நடந்தால் கல்லைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் ஒருத்திதான்.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்று எழுந்தாள். "கீழ கிராமத்துல அத்தம்னு சொல்லுவாங்க. இன்னைக்கு எல்லாரும் ஒன் வயல்ல எறங்குனா, நாளைக்கு எல்லாரும் என் வயல்ல. நான் கண்ணால பாத்திருக்கேன். கூலியும் இல்ல, கொந்தராத்தும் இல்ல. நாமளும் அப்படிச் செய்வோம். பால் வெட்டு மத்தியானத்தோட முடியுது. அதுக்குப் பொறவு ஏழு வீட்டு ஆளும் ஒரு வீட்டுல எறங்குனா எவ்வளவு கை! இத்தன வருஷம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தவங்கதானே நாம."

சிலர் தலையசைத்தார்கள். அப்போது மருதமுத்துவின் மனைவி சின்னம்மா, குனிந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னாள்: "வீட்டுல ஆம்பள இல்லாதவளுக்கு அது நல்ல யோசனதான்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

புஷ்பராணிக்கு முகம் எரிந்தது. சின்னம்மா சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. அந்த எரிச்சலிலேயே அவள் வாய் திறந்தது. "அப்படியே இருக்கட்டும் மதினி. எல்லார் வீடும் முடியட்டும். என் வீடு கடைசி. இப்பச் சரியா?"

அதற்குப் பிறகு யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை. மருதமுத்துகூட, "அவ இப்படிச் சொல்றப்ப நாம என்னத்தச் சொல்ல," என்று கையை விரித்தார். சேர்ந்து கட்டுவது என்று முடிவாயிற்று. போகும்போது கஜீவன் அவளைத் தனியே கூப்பிட்டான்.

"அக்கா, கடைசியா நிக்கிறது லேசில்லை. நீங்கள் ஏழு பேரும் ஒரு உடன்படிக்கை எழுதி ஒப்பம் வையுங்கோ. ஆர் எத்தினை நாள் வரவேணும் எண்டு."

"எங்காளுகளுக்குள்ள எழுத்து எதுக்குங்க சேர்? எழுதுனா, நம்பலேன்னு ஆயிரும்."

 அவன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

பாஸாக முக்தாரைக் கூட்டிவந்தார்கள். தெஹியோவிட்டைப் பள்ளிவாசலுக்குப் பின்புறம் குடியிருப்பவர். முஸ்லிம் அண்ணன்மாரை அழைப்பதுபோல் எல்லோரும் அவரை நானா என்றார்கள். கடைகள், வீடுகள், மதில்கள் என்று அந்தப் பக்கத்தில் அவர் கை படாத கட்டிடம் குறைவு. ஏழு துண்டு காணியையும் நடந்து பார்த்துவிட்டு அவர் ஒரு விஷயம்தான் கேட்டார்.

"கட்டுற வேலைக்கு நான் பொறுப்பு. கல்லு கோணினா என்னைக் கேளுங்க. ஆள் வராட்டி நான் ஆரைக் கேக்கிற? வேலத் தலத்தில தல ஒண்டு இரிக்கணும்."

எல்லோரும் புஷ்பராணியைப் பார்த்தார்கள். சிங்களம் தெரியும், சாமான் வருகிற லொறிக்காரனோடு பேசுவாள், உத்தியோகத்தரோடு பேசுவாள். அவளே இருக்கட்டும் என்றார்கள். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆளைக் கூப்பிடும் பொறுப்பு மட்டும்தான் தன்னிடம் இருக்கிறது, வராதவனை வரவைக்கும் வழி எதுவும் தன் கையில் இல்லை என்பது அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் வீடு மருதமுத்துவுக்கு. அவருடைய காம்பராதான் முதலில் வெடித்தது, அதனால் அது நியாயம் என்று அவளே சொன்னாள்.  லொறி ஏற முடியாத சரிவு அது. ரோட்டிலிருந்து பெண்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றினார்கள். ஆண்கள் மணல் சுமந்தார்கள். சின்னம்மா பெரிய பானையில் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கக் கொடுத்தாள். முக்தார் சாரத்தின் மேலே நின்று நூல் பிடித்துக்கொண்டு, "மணல் எங்க? மனுசர் எங்க?" என்று கத்துவார், கீழே சிரிப்பாக இருக்கும். இரண்டாவது வீடும் மூன்றாவதும் அந்த வேகத்திலேயே ஏறின. கஜீவன் மேலதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினான். அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மருதமுத்து பால் காய்ச்சிக் குடிபோனார். பிறகு அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அது உண்மையான வலி. வேலைக்குத் தாமதமாக வந்தார், வெயில் தாழுமுன் போனார். அவருடைய மகனுக்குக் கொழும்பில் ஒரு கட்டிட வேலை கிடைத்தது. வருகிற வேலையை விடச் சொல்ல யாரால் முடியும்? இரண்டாவது வீட்டுக்காரரின் மருமகள் பிரசவத்துக்கு வந்தாள். மூன்றாவது வீட்டில் கோழிக் கூடு அடிக்க வேண்டியிருந்தது, வேலி போட வேண்டியிருந்தது, நாலு கன்று வைக்க வேண்டியிருந்தது. சொந்தக் காணி என்று ஒன்று வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிடைத்தவர்கள். அதைவிட்டு அடுத்தவன் காணியில் மண் சுமக்க மனம் வரவில்லை. ஒருவரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. நாளைக்கு வாறோம் என்றார்கள்.

புஷ்பராணி வீடு வீடாகப் போய்க் கூப்பிடத் தொடங்கினாள். லயத்தில் இருந்தபோது யாரையும் கூப்பிட வேண்டிய தேவை இருக்கவில்லை. இங்கே இருமினால் அங்கே கேட்கும். இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் முற்றம் இருந்தது, கதவு இருந்தது, கதவு சாத்தியிருந்தது. தட்டிவிட்டு ஒதுங்கி நிற்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளே டீவி ஓடும் சத்தம் கேட்கும். சின்னப் பிள்ளை வந்து, "அப்பா இல்லியாம்," என்று சொல்லிவிட்டுப் போகும்.

நாலாவது வீடு முடிந்த பிறகு ஒரு நாள் குழாயடியில் சின்னம்மா மற்றப் பெண்களிடம் சொல்வது காதில் விழுந்தது. "காலப் பெரட்டுக்குப் பேரு கூப்புடுற மாதிரியில்ல கூப்புடுறா. தோட்டத்துக் கங்காணி போதாதுன்னு நமக்கு இன்னொரு கங்காணி."

அன்றைக்கு அவள் குடத்தைப் பாதியிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் தர்ஷினி கொதித்தாள்.

"ஒன்ன யாரும்மா கடைசின்னு சொல்லச் சொன்னது? இப்பயாச்சும் போயி அந்த சேர்கிட்டச் சொல்லு. நம்ம வீட்டக் கொந்தராத்துக்குக் குடுத்துருவோம்னு."

"இன்னும் ரெண்டு பேரு வீடு நிக்குது. நான் விட்டுட்டா அவங்க கதி?"

"நம்ம கதி?"

 ஆறாவது வீட்டின் கூரையைப் போட்டபோது மழைக்காலம் நெருங்கிவிட்டது. அந்த வீட்டில் இருந்த வயதான தம்பதிக்கு ஒத்தாசைக்கு யாரும் இல்லை. புஷ்பராணியும் முக்தாரும்தான் அநேகமாக அதைக் கட்டினார்கள்.

பிறகு அவளுடைய முறை வந்தது.

அத்திவாரத்தை அவளே வெட்டினாள். காலையில் பால் வெட்டிவிட்டு வந்து, இருட்டும்வரை மண்வெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் தர்ஷினி மணல் அரித்தாள். ஆறாவது வீட்டுக் கிழவர் முடிந்தபோது வந்து கல் எடுத்துக் கொடுத்தார். முக்தார் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. அவருக்கு வெளியே நல்ல வேலைகள் வந்ததையும், அவர் அவற்றைத் தள்ளிப்போட்டதையும் அவள் அறிவாள். "ஏழு ஊடு எண்டு வாய் குடுத்த நான்," என்றார். சுவர் மெல்ல மெல்ல ஜன்னல் மட்டம் தாண்டி ஏறியது.

ஜன்னல் வாசல்களுக்கு மேலே, நான்கு சுவரையும் சுற்றி, கொங்கிரீட் வளையம் போட வேண்டும். அதை ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் பிளந்துவிடும். அதற்கு ஆள் வேண்டும். கலக்க ஆள், தாச்சிச் சட்டியில் அள்ளிக் கொடுக்க ஆள், மேலே வாங்கிக் கொட்ட ஆள். பலகைகளைத் தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளுக்குக் கீழே ஒருவர் நின்று, கம்பு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புஷ்பராணி முதல்நாள் எல்லா வீட்டுக்கும் போனாள். எல்லோரும் வருகிறோம் என்றார்கள். மருதமுத்து வாசலுக்கு வந்து, "ஒன் வீட்டுக்கு வராம இருப்போமா புள்ள," என்றார்.

விடிந்தபோது முக்தார் வந்தார், கிழவர் வந்தார், தர்ஷினி லீவு போட்டிருந்தாள். முதல்நாள் மாலை பெய்த மழையில் தரை ஊறிப்போயிருந்தது. மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. வேறு யாரையும் காணவில்லை.

முக்தார் வானத்தைப் பார்த்தார், தரையைக் காலால் மிதித்துப் பார்த்தார். "தங்கச்சி, இண்டைக்கு வேணாம். ஆள் பத்தாது. நாள மறுநாள் பாப்போம்."

"சீமெந்து மூட்ட நனைஞ்சு கட்டியாகுது நானா. இன்னும் வச்சா அதுவும் போயிரும்." அது உண்மைதான். ஆனால் அவளுக்குள் ஓடியது வேறு. இன்னொரு தடவை அந்தக் கதவுகளைப் போய்த் தட்ட அவளால் முடியாது. அவர்கள் இல்லாமலே முடித்துக் காட்ட வேண்டும் என்று நெஞ்சு முரண்டு பிடித்தது. "போட்டுருவோம் நானா. நான் ரெண்டு ஆள் வேல செய்றேன்."

அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சாரத்தில் ஏறினார்.

இரண்டு பக்கச் சுவர் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது பக்கம் சமையலறை வாசல். அகலமான வாசல், அதனால் பாரமும் அதிகம். முட்டுக்குக் கீழே நிற்க வேண்டியவள் புஷ்பராணி. ஆனால் கிழவருக்கு மூச்சு வாங்கியது, தாச்சியை மேலே எட்டிக் கொடுக்க தர்ஷினியால் தனியே முடியவில்லை. "நான் ஒரு நடை குடுத்துட்டு வாறேன்," என்று புஷ்பராணி முட்டுக் கம்பை விட்டு நகர்ந்தாள். ஊறிய மண்ணில் கம்பின் கால் இறங்கியது. மரம் முறிகிற சத்தம் கேட்டுத் திரும்பினாள். பலகை சாய்ந்தது, ஈரக் கொங்கிரீட் சரிந்தது, அதோடு சாரத்தின் ஒரு மூலையும் போயிற்று. முக்தார் முதுகு அடிபட அத்திவாரக் கல்லில் விழுந்தார்.

தர்ஷினி போட்ட கூச்சலுக்கு எல்லாக் கதவுகளும் திறந்தன. ஆண்கள் ஓடிவந்தார்கள், பெண்கள் ஓடிவந்தார்கள். முதுகுவலிக்காரர் மருதமுத்து முக்தாரின் தோள்பக்கம் பிடித்து, வழுக்குகிற சரிவில் ரோடுவரை தூக்கிக்கொண்டு போனார். இவ்வளவு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள் என்பதைப் புஷ்பராணி அப்போது பார்த்தாள்.

கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அவள்தான் சிங்களத்தில் எல்லாம் சொன்னாள். எப்படி விழுந்தார், எவ்வளவு உயரம், அடியில் என்ன இருந்தது. தாதி கேட்டாள்: முட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லையா? "நான்தான் நின்றேன்," என்றாள் புஷ்பராணி. பிறகு, "நகர்ந்துவிட்டேன்," என்றாள். எத்தனையோ பேருக்காகப் பேசிய இடம் அது. தனக்காகப் பேச வேண்டி வந்தபோது அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

முக்தார் பிழைத்தார். ஒரு காலில் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கலாம். சாரம் ஏறுவது முடிந்த கதை. புஷ்பராணி அவரைப் பார்க்கப் போனபோது அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "அல்லா நாடினது," என்றார். "ஒங்கட மத்தச் சொவர் ரெண்டுக்கும் ஒண்டும் ஆகல்ல தானே?" அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

அவருடைய மனைவி ஹப்ஸா தேத்தண்ணி கொடுத்தாள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம். புஷ்பராணியும் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள். வெளியே செருப்பைப் போடும்போது ஹப்ஸா கூடவே வந்து நின்றாள்.

"இவர் ஒங்கள ஒரு சொல் சொல்ல மாட்டார். அது இவர்ட கொணம். நான் சொல்லோணும். ஆள் வராத வேலைக்கு என்ட மனுசன ஏத்தினீங்க."

"ஆமா தாத்தா," என்றாள் புஷ்பராணி.

"வேணாமெண்டு இவர் சொன்ன தானே?"

"சொன்னாரு."

 ஹப்ஸா கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

கஜீவன் வந்து சரிந்த வாசலைப் பார்த்தான். இனி இதைக் குழுவிடம் விட முடியாது என்று மேலே எழுதினான். கொடகவெலப் பக்கமிருந்து ஒரு கொந்தராத்துக்காரர் தன் ஆட்களோடு வந்தார். முன்பின் தெரியாத பையன்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். விழுந்ததை உடைத்தெடுத்து, கட்டி, கூரை போட்டு, பூசி, தரை இழுத்து, மழை கனக்குமுன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளை ஒரு கல் தூக்க விடவில்லை. சமையலறை வாசலுக்கு மேலே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கொந்தராத்து என்று முதல்நாளே சொன்ன மருதமுத்து, நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பால் காய்ச்சிய அன்று ஆறாவது வீட்டுக் கிழவனும் கிழவியும் வந்தார்கள். மற்ற வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. சிலர் பிள்ளைகளிடம் ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பக்கற் சீனி என்று கொடுத்தனுப்பினார்கள். அவள் பாலைப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சியிருந்தாள். மீதியைத் தர்ஷினி உறைக்கு ஊற்றினாள்.

கோபத்தில் அவர்கள் ஒதுங்கவில்லை. அது அவளுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அவளைப் பார்க்க அவர்களுக்குக் கூச்சம். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாக ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் வீட்டைக் கடந்து ரோட்டுக்கு இறங்கும் பாதையில் புல் மண்டியது. எல்லோரும் சுற்றுவழியில் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால், சிங்களப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைகளில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு எல்லா நாளும் வேலைப் பேர் விழுந்தது.

ஒரு காலையில் பால் வெட்டு மலையில் மருதமுத்து எதிர்ப்பட்டார். விலக வழியில்லாத ஒற்றையடிப் பாதை. இருவரும் நின்றார்கள்.

"அன்னைக்குக் கூப்புட்டிருந்தா ஓடி வந்திருப்பேன் புள்ள," என்றார்.

"கூப்புட்டேன் அண்ணே. மொதநாளு வந்து கூப்புட்டேன்."

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஆமா. கூப்புட்ட." பிறகு, "மத்தவங்க போவாங்கன்னு நெனச்சேன்," என்றார். அவள் ஓரமாக மரத்தில் ஒட்டிக்கொண்டு வழிவிட்டாள். அவர் கடந்து போனார். எல்லோருமே அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அந்த நினைப்பு மனதை ஆற்றவில்லை.

தர்ஷினி இரவு வேலைக்கு மாறி அவிசாவளையிலேயே போடிங்கில் தங்கிவிட்டாள். வீடு அம்மாவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. மாதத்தில் ஒரு தடவையாவது தெஹியோவிட்டைக்குப் போய் முக்தார் வீட்டில் விறகு பிளந்து கொடுத்துவிட்டு வருவாள். ஹப்ஸா வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள். வா என்றும் சொல்வதில்லை.

அடுத்த வருஷம் மேல் டிவிசனில் இன்னொரு லயத்துக்கும் காணி கிடைத்தது. கஜீவன் அவளைத் தேடி வந்தான். "அங்கயும் இதே கேள்விதான் அக்கா, ஆர் கட்டுறது எண்டு. நீங்கள் வந்து உங்கட அனுபவத்தைச் சொன்னால் நல்லது." அவள் மாட்டேன் என்றாள். அவன் விடவில்லை.

மேல் டிவிசன் கோயில் முன்றலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிரிப்பும் சண்டையுமாக இருந்தது. கஜீவன் கையைக் காட்டியதும் அடங்கினார்கள். புஷ்பராணி எழுந்து நின்றாள்.  முட்டுக் கம்பைச் சொல்வதா, குழாயடியைச் சொல்வதா, முக்தாரின் காலைச் சொல்வதா?

"கொந்தராத்துக்குக் குடுங்க," என்றாள். "ஆளுக்காள் பகை வராது."

முன்வரிசையில் இருந்த ஒரு இளம் பெண் கேட்டாள்: "நீங்கல்லாம் சேந்துதானே கட்டுனீங்க? வீடெல்லாம் நல்லாத்தானே இருக்கு? நாங்க வந்து பாத்தோமே."

"வீட்டுக்கு ஒரு கொறையும் இல்லம்மா," என்றாள் புஷ்பராணி. "வீடு நல்லாத்தான் இருக்கு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் யாரோ சேர்ந்தே கட்டுவோம் என்று கத்தினார்கள். இன்னொருவர் அதை மறுத்தார். பேச்சு மறுபடியும் சூடு பிடித்தது. கூட்டம் முடியும்வரை அவள் இருக்கவில்லை. கஜீவன் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேண்டாம் சேர், நடந்தே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு, தூறலில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.